பைக்கு ஒரு ஆணி

வேலைக்காரி கையில ஒரு தட்டு உடைஞ்சா அதுக்கு விலை உண்டு. அந்த வீட்டு நாய் வேலைக்காரியோட சாமானைக் கடிச்சிட்டா அதுக்கு விலை கிடையாது. கேட்டால் "வாயில்லா ஜீவன்" என்பார்கள். எந்தச் சேதம் கணக்கில் வரும், எது வராது என்று முடிவு பண்றது யாரு?

எங்க அத்தை கும்மிடிப்பூண்டி பக்கத்துக் காலனியில இருந்து ரயிலேறிப் பொன்னேரிக்கு வீட்டுவேலைக்குப் போகுது. சிப்காட் கம்பெனி ஒன்றில் பெரிய உத்தியோகம் பார்க்கிறவர் வீடு. போன வருசம் அந்தக் குடும்பம் நாலு நாள் வெளியூர் போச்சு. நாய்க்குச் சோறு வச்சு, வெளிய கூட்டிப் போய், ராத்திரி அங்கியே படுத்துக்கணும். நாளுக்கு 400 ரூபா. நாய்க்குக் கூடத்துல மெத்தை, மேல ஃபேன். அத்தைக்குப் பின்கட்டுல பாய். அத்தையோட பை மட்டும் உள்ள வரக் கூடாது. வெளிய துணி துவைக்கிற கல்லு மேலதான் அதுக்கு இடம்.

மூணாம் நாள் நாய் பையை இழுத்துப் போட்டுக் குதறிடுச்சு. மாத்துப் புடவை, மூக்குக் கண்ணாடி, பக்கத்துல கிடந்த செருப்பு எல்லாம் போச்சு. அத்தை நாயைக் குத்தம் சொல்லல. "உள்ள ஒரு ஆணியில மாட்டியிருந்தா அது கடிச்சிருக்குமா?"ன்னு கேட்டுச்சு. பையைக் கிழிச்சது நாய். பைக்குத் தீட்டு வச்சது யாரு?

ஊர்ல இருந்து வந்த வீட்டம்மா ஒரு பழைய புடவையை நீட்டினாங்க. அத்தை வாங்கல. "தானம் வேணாம்மா. கண்ணாடி 650 ரூபா, அந்தக் காசைக் குடுங்க. ஜாடி உடைஞ்சப்ப என் சம்பளத்துல 300 பிடிச்சீங்களே" என்றது. ரெண்டு வாரம் கழிச்சுக் கண்ணாடிக்குக் காசு வந்துச்சு. புடவைக்கும் செருப்புக்கும் வரவில்லை.

சட்டத்தையும் பாருங்கள். ஒப்படைச்ச சாமான் தொழிலாளியோட கவனக்குறைவால் கெட்டா, விளக்கம் கேட்டுவிட்டுக் கூலியில பிடிக்கலாம் என்றது 1936ஆம் வருசத்து ஊதியம் வழங்கல் சட்டம். 2019ஆம் வருசத்து ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த ஏற்பாடு இருக்கு. தொழிலாளியோட சாமான் முதலாளி இடத்துல கெட்டா என்ன என்று அந்தப் பிரிவு பேசவில்லை. தொழிலாளி கழட்டி வைக்கிற துணிக்கு இடம் ஒதுக்க விதி போடலாம் என்று மாநில அரசுக்கு அதிகாரம் குடுத்துச்சு 1948ஆம் வருசத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு. சிப்காட் மதிலுக்குள்ள யோசிச்சதை அதிகாரி வீட்டுக்குள்ள யோசிக்க ஆளில்லை. தமிழ்நாட்டில் 2007இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் வந்துச்சு. படிப்புக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் உதவி உண்டு. குதறிப்போன பைக்கு இல்லை.

ஆகவே நாமதான் கேக்கணும் தோழர்களே. நாய் பாக்கற வேலைக்கு ஒத்துக்கறதுக்கு முந்தியே கேக்கணும்: என் பை எங்க இருக்கும், நாய் கடிச்சா யாரு காசு குடுக்கறது? சேதமானா அன்னிக்கே போன்ல சொல்லணும், படம் எடுக்கணும். கிழிஞ்சதைத் தூக்கிப் போடக் கூடாது. வாங்கின விலையைக் கூசாமச் சொல்லணும். தனியாப் போய்க் கேட்டா வேலை போயிடும்னு பயம் இருக்கும். அதுக்குத்தான் சங்கம்.

ஆணி விலை ஒரு ரூபா. அந்தச் சுவத்துல நம்ம பை தொங்கறதைப் பொறுத்துக்கறதுதான் அவங்களுக்குப் பெருஞ்செலவு. அந்தச் செலவை அவங்கதான் ஏத்துக்கணும்.