கைக்கடக்கமான பயம்

தற்காப்பு என்கிற சொல்லில் 'தன்' யாரென்பதை யாரும் கேட்பதில்லை. கேட்காமலே எல்லாருக்கும் புரிந்துவிட்டதான பாவனையில் அந்தச் சொல் சட்டத்திலும் மனுக்களிலும் வீட்டுப் பேச்சிலும் புழங்குகிறது. வருவாய்த்துறையில் நான் வேலை பார்த்த காலத்தில் சில வருஷங்கள் ஆயுத லைசென்ஸ் மனுக்கள் என் மேஜை வழியாகப் போயின. அந்த அனுபவத்தில் எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்றே ஒன்று. மனுக்களில் பயத்தைவிட ஆஸ்திதான் விவரமாக எழுதப்பட்டிருக்கும். எத்தனை வேலி நிலம், எத்தனை மாடி, எத்தனை வண்டி என்பதெல்லாம் துல்லியமாக இருக்கும். யாருக்குப் பயப்படுகிறார் என்ற இடத்தில் 'சமூக விரோதிகள்' என்று ஒரு சொல், அதோடு சரி.

வேளாங்கண்ணியில் லாட்ஜ் நடத்துகிற என் அண்ணன் மகன் சென்ற வருஷம் என்னிடம் யோசனை கேட்டான். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 மாதா பிறந்த நாள் வரை ஊர் கொள்ளாத கூட்டம். அறைகள் நிரம்பிவிடும். பணம் கையில் புரளும். ராத்திரி கல்லாவை எண்ணி முடிக்கும்போது வராந்தாவில் யாரோ நடப்பது கேட்கும்.

"சித்தப்பா, முதல்முதலா வாங்குறவனுக்கு எது தோது? ரிவால்வரா, பிஸ்டலா?"

கேள்வி நியாயமானது. பதிலும் சிக்கலானதல்ல. புதிதாகப் பழகுகிறவனுக்கு ரிவால்வர்தான் தோது. சுழலும் உருளையில் ஆறு தோட்டா. குண்டு இருக்கிறதா இல்லையா என்று திறந்து கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டலில் மேல் சட்டத்தைப் பின்னால் இழுத்து விட வேண்டும். அதன் பாதுகாப்புக் கொண்டி எந்த நிலையில் இருக்கிறது என்பது இருட்டிலும் பதற்றத்திலும் விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குண்டு அடுக்கை வெளியே எடுத்த பிறகும் குழலுக்குள் ஒன்று தங்கியிருக்கலாம். அதை மறந்து செத்தவர்கள் உலகமெங்கும் உண்டு. நம் நாட்டில் .38, 9 மி.மீ. போன்றவை தடை செய்யப்பட்ட ரகங்கள், சாதாரணக் குடிமகனுக்குக் கிடையாது. மிஞ்சுவது பெரும்பாலும் .32. 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரைக் கொண்டுவந்தது. எடை சுமார் அரைக் கிலோ, விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். தில்லியில் 2012இல் சிதைக்கப்பட்ட பெண்ணை நினைவூட்டும் பெயர். அவளைப் போல் பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு பெண்ணின் கைக்கு எட்டாத விலை. எடை குறையக் குறைய உதைப்பு கூடும் என்பதையும் சொன்னேன். அவன் குறித்துக்கொண்டான்.

ஆனால் இந்த வட்டாரத்தில் இருந்துகொண்டு துப்பாக்கியைப் பற்றி இவ்வளவோடு பேசி முடித்துவிட முடியுமா? வேளாங்கண்ணி இருக்கிற அதே கீழ்வேளூர் தாலுகாவில்தான் கீழ்வெண்மணியும் இருக்கிறது. கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததும் அங்கே குற்றமாயின. மிராசுதார்கள் தங்களுக்கென்று நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்திருந்தார்கள். அதன் தலைவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு. அவர்கள் மொழியில் அதுவும் தற்காப்புதான். 1968 டிசம்பர் 25 இரவு, தேவாலயங்களில் கிறிஸ்துமஸ் கொண்டாடிய அதே இரவு, துப்பாக்கிகளோடு வந்தவர்கள் சேரியைச் சூழ்ந்தார்கள். அன்று மிராசுதார் தரப்பு ஆள் ஒருவரும் செத்திருந்தார். சேரியில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் ஒரு சிறு குடிசைக்குள் எரிந்து போனார்கள்.

இதில் துப்பாக்கி செய்த காரியத்தைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த 44 பேரையும் கொன்றது தீ. துப்பாக்கி அவர்களை ஓடவைத்தது. எந்தப் பக்கம் ஓடலாம், எங்கே ஒளியலாம் என்பதை அதன் சத்தம் தீர்மானித்தது. சுட்டுக் கொல்வது துப்பாக்கியின் வேலைகளில் ஒன்று மட்டுமே. எதிரில் இருப்பவனுக்கு எவ்வளவு இடம் மிச்சம் என்று சொல்வது அதைவிடப் பெரிய வேலை. குறி தப்பினாலும் அந்த வேலை நடந்துவிடும்.

1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் பத்து வருஷத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய நிலக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம் என்கிற தோரணையில் தீர்ப்பு அமைந்தது. என் மேஜைக்கு வந்த மனுக்களில் கண்ட அதே தர்க்கம்தான். ஆஸ்தி உள்ளவனுக்குப் பயம் இருக்கும், ஆகவே ஆயுதம் வேண்டும். ஆஸ்தி உள்ளவன் கொடுமை செய்யமாட்டான், ஆகவே ஆயுதம் ஆபத்தில்லை. நாயுடு 1980 டிசம்பரில் வெட்டிக் கொல்லப்பட்டார். பயம் அந்தப் பக்கமும் பொய்யில்லை என்று இதை வைத்து வாதிக்கலாம். ஆனால் எது எதற்குப் பிறகு வந்தது என்பதை மறந்துவிட்டுத்தான் அப்படி வாதிக்க முடியும்.

சட்டம் இந்த விஷயத்தில் சில சமயம் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. லிட்டன் பிரபு காலத்து 1878 சட்டம் வெள்ளைக்காரனை விட்டுவிட்டு இந்தியனை லைசென்ஸ் கேட்கவைத்தது. சுதந்திர இந்தியாவின் 1959 சட்டம், 14ஆம் பிரிவில், போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்கிறது. அப்படி எழுதவேண்டி வந்ததே ஒரு சரித்திரம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. வன்கொடுமைக்கு இடமுள்ள பகுதிகளில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாதவர்களின் துப்பாக்கி லைசென்ஸை அரசு ரத்து செய்யலாம். தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அவர்களுடைய உயிர் உடைமையைக் காக்க லைசென்ஸ் கொடுக்கலாம். வெண்மணிக்கு 27 வருஷம் கழித்து 'தன்' யார் என்று ஒரு விதி யோசித்திருக்கிறது.

இவ்வளவையும் அண்ணன் மகனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "நான் யாரையும் கொளுத்தப் போகலியே சித்தப்பா" என்றான். உண்மைதான். ஆகவே அவன் லாட்ஜுக்கே வந்தேன். அந்த வராந்தாவில் ராத்திரி இரண்டு மணிக்கு நடப்பவர்கள் யார் என்று ஒரு பட்டியல் போடச் சொன்னேன். தண்ணீர்ப் பானை தேடுகிற கிழவி. கதவு எண் தவறிய குடிகாரன். காவித் துணி கட்டி நடந்தே வந்து, அறைக்குக் காசில்லாமல் படிக்கட்டில் படுத்திருக்கும் பையன். படுக்கை தட்டுகிற வேலைக்காரப் பிள்ளை. திருடனும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இருட்டில் எல்லாரும் ஒரே உருவம். ரிவால்வரில் ஆறு தோட்டா இருக்கும். ஆளை அடையாளம் காட்டுகிற பாகம் எதுவும் அதில் கிடையாது. நியாய சன்ஹிதையின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்ற வரம்போடுதான் தருகின்றன. அந்தத் தேவையைப் பாதித் தூக்கத்தில், ஒரு நொடியில் அளந்தாக வேண்டும்.

வராந்தாவில் விளக்குகளைக் கூட்டு, கல்லாப் பணத்தைச் சாயங்காலமே பாங்கில் கட்டு, ராத்திரிக்கு ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து வை என்றேன். அதற்கு மேலும் வேண்டுமென்றால் மனு போடு. பயிற்சிச் சான்றிதழ் வாங்கு. பூட்டி வைக்க இரும்புப் பெட்டி வாங்கு. மாதம் ஒரு தடவையாவது சுட்டுப் பழகு, பழகாதவன் கையில் அது எதிராளிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் பரிசு. போலீஸ் விசாரணைக்கு வரும்போது யாருக்குப் பயம் என்று கேட்பார்கள், 'சமூக விரோதிகள்' என்று சொல்லாதே, ஒரு மனிதனின் பெயரைச் சொல்ல முடிகிறதா பார் என்றேன்.

அவனுக்குப் பெயர் ஒன்றும் கிடைக்கவில்லை. மனு இன்னும் போடவில்லை என்று கேள்வி, விளக்கு போட்டிருக்கிறான். 1995 விதியின் கீழ் உயிர் காக்க ஆயுதம் கேட்டு ஒரு மனுகூட என் மேஜைக்கு வந்ததில்லை. யாருக்குப் பயம் என்று கேட்டிருந்தால் அவர்கள் தயங்காமல் பெயர் சொல்லியிருப்பார்கள். தெருவும் சொல்லியிருப்பார்கள்.