இடுப்புக்குக் கீழே

கால் வலி என்று சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. வயசு, வாயு, செருப்பு என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். மாமல்லபுரம் பேருந்து நிலையத்திலிருந்து கடற்கரைக் கோயிலுக்குள் மூன்று தடவை நின்றேன். நின்றால் இரண்டு நிமிஷத்தில் வலி போகும். நடந்தால் அதே தூரத்தில் திரும்ப வரும். கெண்டைக்காலில் அல்ல, பிருஷ்டத்திலும் தொடையிலும். பாறையில் ஒற்றைக்காலில் நிற்கும் தவசியைக் காட்டி, ‘உனக்கு அவன் தேவலை’ என்றார் நண்பர். அவன் அர்ச்சுனனா பகீரதனா என்று எப்போதும் நடக்கும் சண்டை அன்று நடக்கவில்லை.

செங்கல்பட்டில் பார்த்த இளம் டாக்டர் இரு தொடையிடுக்கிலும் விரல் வைத்து நாடி தேடினார். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தார். 0.9க்குக் கீழே போனால் வியாதி, எனக்கு 0.6. பிறகு காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, ‘மத்ததெல்லாம் எப்படி சார்?’ என்றார்.

தொப்புளுக்கருகே பெருந்தமனி இரண்டாகப் பிரிகிறது. அந்தக் கவையில் அடைத்தால் நடக்கையில் இடுப்பு வலிக்கும், தொடையிடுக்கில் நாடி இராது, ஆண்மையும் போகும். ரெனே லெரிஷ் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் 1940இல் இவற்றை ஒரே வியாதியின் அடையாளங்களாக எழுதினார். நம்மிடம் இதற்கு ‘மத்ததெல்லாம்’தான். உடம்பை எழுத உரிமை கேட்டுப் பத்திரிகை நடத்தியவர்கள் நாம். காமத்தை எழுதினோம், அருவருப்பை எழுதினோம். இயலாமையை எழுதியபோது அது உடனே இருத்தலின் இயலாமையாகிவிட்டது. குழாய் அடைப்பாக ஒருபோதும் இருந்ததில்லை.

முன்பெல்லாம் வயிற்றைத் திறந்து மாற்றுக் குழாய் தைத்தார்கள். இன்றும் சிலருக்கு அதுதான் வழி. மற்ற வழி தற்செயலாகப் பிறந்தது. 1963இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் டாட்டர் வேறொரு கோளாறுக்காகப் படமெடுக்கக் குழாய் செலுத்தினார். அது அடைபட்டிருந்த இலியாக் தமனியை ஊடுருவித் திறந்துவிட்டது. காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயது அம்மாள் ஒருவருக்கு, 1964 ஜனவரியில், தொடைத் தமனியில் அதை வேண்டுமென்றே செய்தார். ஜூரிச்சில் ஆண்ட்ரியாஸ் க்ருன்ட்சிக் பலூனைக் காலில் பயன்படுத்தியது 1974இல். இதயத்துக்கு அது போனது 1977இல்தான். பெயரெல்லாம் இதயத்துக்கு.

எனக்குச் சென்னையில் செய்தார்கள். மயக்கமில்லை, மரத்துப்போக ஊசி மட்டும். இரு தொடையிடுக்கிலும் துளை, இரண்டு கம்பிகள். கவையில் இரண்டு உலோக வலைக்குழாய்களை அருகருகே வைத்து, பலூன்களை ஒரே சமயத்தில் ஊதினார்கள். சாயம் ஏறியபோது இடுப்புக்குக் கீழே வெந்நீர் ஊற்றியதுபோல் சூடு பரவியது. படுக்கையை நனைத்துவிட்டேனோ என்று பயந்தேன். திரையில் தலைகீழாகக் கிளைத்த ஒரு கறுப்பு மரம். அது நான் என்று நம்புவது சிரமமாக இருந்தது. புகையிலை கூடாது, மாத்திரை விடக்கூடாது, தினமும் நடக்க வேண்டும், திரும்ப அடைக்கலாம் என்றார்கள்.

காலை மடக்காமல் மல்லாந்து கிடக்க வேண்டிய அந்த ராத்திரியில் பக்கத்துக் கட்டிலில் சதுரங்கப்பட்டினத்து மீன்பிடிக்காரர் ஒருவர். ‘உங்களுக்கு என்ன சார்?’ என்றார்.

‘கால்.’

‘எனக்கும் காலுதான்.’

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, கூரையைப் பார்த்தபடியே, ‘டாக்டரு உங்களையும் அதைக் கேட்டாரா?’ என்றார்.

‘கேட்டார்.’

‘இன்னா சொன்னீங்க?’