குப்பனூரிலிருந்து ஒரு ‘பெருஞ்சமர்’ பார்க்கப் போனேன்!

ஏற்காட்டுக்கு இரண்டு வழி. சேலம் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது எல்லோருக்கும் தெரிந்த வழி. மழையில் அங்கே மண் சரிந்தால் வண்டிகளை அயோத்தியாப்பட்டணம் பக்கம் திருப்பி, எங்கள் குப்பனூர் வழியாக அனுப்புவார்கள். அப்போதுதான் எங்கள் ஊர் பெயர் பேப்பரில் வரும். மற்ற நாட்களில் சேர்வராயன் மலையடியில் நாங்கள் எங்கள் பாட்டுக்கு இருப்போம்.

மலையடியில் ஒரு தரிசு நிலம் எங்கள் கிரிக்கெட் மைதானமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு ரன் அவுட்டில் தகராறு. நான் “அவுட்” என்றேன், என் உயிர்க் கூட்டாளி “இல்லை” என்றான். வாய்ச் சண்டை கைச் சண்டையாகி, யாரோ ஸ்டம்பைப் பிடுங்கி ஓங்கினார்கள். அன்றோடு ஆட்டமும் போச்சு, பேச்சும் போச்சு. இருபது வருடமாக ஒரே பஸ் ஸ்டாப்பில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

துபாயில் என்னோடு ஒரே அறையில் இருந்த யாழ்ப்பாணத்து நண்பரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். “நீர் ஒருக்கா எங்கட பிக் மேட்ச் வந்து பாரும்” என்றார். ஒரு மார்ச் மாதம் கிளம்பிவிட்டேன்.

*கல்லூரி என்றால் பள்ளிக்கூடம்*

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் நடக்கும் மூன்று நாள் கிரிக்கெட்டுக்கு ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்று பெயர். கல்லூரி என்றதும் டிகிரி படிக்கும் இளைஞர்களை எதிர்பார்த்துப் போனேன். ஆடியவர்கள் பிளஸ் டூ வயதுப் பையன்கள்! இலங்கையில் பெரிய பள்ளிக்கூடங்களையும் கல்லூரி என்றுதான் சொல்கிறார்கள்.

மத்திய கல்லூரி 1816-ல் தொடங்கியது, பரியோவான் 1823-ல். இரண்டும் ஒரே ஊர். இவர்கள் மோதத் தொடங்கியது 1904-ல். போர்க் காலம் உட்பட இடையில் சில ஆண்டுகள் மட்டும்தான் ஆட்டம் இல்லை. மற்றபடி நூறு தடவைக்கு மேல் மோதிவிட்டார்கள்.

ஆட்டம் நடந்தது மத்திய கல்லூரி மைதானத்தில். ஒரு பக்கம் கடலோரக் கோட்டை, பக்கத்திலேயே வெள்ளை வெளேரென்று யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981-ல் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டு, திரும்பக் கட்டி 2003-ல் திறந்த அதே நூலகம்தான்.

விவரம் தெரியாமல் நான் சிவப்புச் சட்டையில் போயிருந்தேன். வாசலிலேயே இருவர் என்னைத் தோளோடு அணைத்து இழுத்துப்போய், கறுப்பு சிவப்புக் கொடிகளுக்கு நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள். அது பரியோவான் நிறமாம்! எதிர்ப்பக்கம் நீலக் கொடிகள். இடையில் பாண்டு வாத்தியம், ட்ரம்பெட், பைலா ஆட்டம். ஒரு பவுண்டரி போனால் பாதி மைதானம் எழுந்து ஆடுகிறது. ஒரு விக்கெட் விழுந்தால் மறுபாதி.

*அவுட்டா, இல்லையா?*

எனக்கு முன்வரிசையில் இரண்டு பெரியவர்கள். ஒருவர் தலையில் கறுப்பு சிவப்புத் தொப்பி. இந்த மூன்று நாளுக்காகவே கனடாவிலிருந்து வந்தவர். பக்கத்தில் நீலத் துண்டோடு இருந்தவர் உள்ளூர்க்காரர், மத்திய கல்லூரி பழைய மாணவர். இந்தப் பக்கம் வந்து துணிச்சலாக உட்கார்ந்திருந்தார்.

கடைசி நாள், தேநீர் இடைவேளைக்குப் பிறகு நீல அணியின் கடைசி ஆட்டக்காரர்கள் நேரத்தைக் கடத்தப் போராடிக்கொண்டிருந்தார்கள். மட்டையைச் சுற்றி ஆறு ஃபீல்டர்கள். பந்து காலில் பட்டது. ஆயிரம் தொண்டைகள் ஒரே நேரத்தில் கத்தின. அம்பயர் அசையவில்லை.

தொப்பிக்காரர் துள்ளி எழுந்து என்னைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, நீர் இந்தியாவிலயிருந்து வந்தனீர், பொது ஆள். நீரே சொல்லும், அது அவுட்தானே?”

“அவரைப் பேய்க்காட்டாதையும்! பந்து லெக் பக்கம் போனது குருடனுக்கும் தெரியும்” என்றார் நீலத் துண்டு.

அடுத்த ஓவர் வரை விடாமல் சண்டை. அடுத்த ஓவரில் இருவரும் ஒரே பொட்டலத்திலிருந்து கடலை கொறித்தார்கள்.

“டொராண்டோவில ஐஸ் ஹாக்கி எண்டால் சனத்துக்கு விசர்” என்றார் தொப்பிக்காரர். “அவையின்ர மேப்பிள் லீப்ஸ் 1967-க்குப் பிறகு கோப்பையே வாங்கேல்ல. எண்டாலும் வருசா வருசம் தொண்டை கிழியக் கத்துவினம். எனக்கு அந்த விசர் இஞ்சதான்.”

எங்கள் ஊர் ரன் அவுட் கதையைச் சொன்னேன். இருவரும் சிரிக்கவில்லை.

“இஞ்சயும் நடந்திருக்கு தம்பி. ஒருமுறை மேட்ச் நாளில அடிபாடு வந்து ஒரு பொடியன் செத்தவன்” என்றார் நீலத் துண்டு மெதுவாக. “அது சமர் இல்லை. சமர் எண்டால் அடுத்த வருசமும் எதிராளி வரவேணும். அவன் வராட்டி நாங்கள் ஆரோட சண்டை பிடிக்கிறது?”

முடிவு என்ன ஆச்சு என்று கேட்காதீர்கள். இரண்டு கல்லூரிக்காரர்களும் இதைப் படிப்பார்கள், எனக்கு வம்பு வேண்டாம்!

நீங்களும் போக நினைத்தால்: ஆட்டம் பெரும்பாலும் மார்ச்சில் வரும். சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் உண்டு. விசாவுக்கு முன்கூட்டியே இணையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். வெயில் கடுமை, தொப்பி அவசியம். இரண்டு பக்கமும் உட்கார ஆசை இருந்தால் வெள்ளைச் சட்டை உத்தமம்.

*திரும்பி வந்தபோது*

குப்பனூரில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராக வீட்டுக்குப் போகவில்லை. ஓலைக் குட்டானில் வாங்கிவந்த யாழ்ப்பாணத்துப் பனங்கட்டியோடு கூட்டாளி வீட்டுக் கதவைத் தட்டினேன். தலை நரைத்துப்போயிருந்தது. வாசலிலேயே நின்றான்.

என்ன பேசுவதென்று தெரியாமல், “இப்பவும் சொல்றேன்டா, அது அவுட்” என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். “கிரீஸுக்குள்ள பேட்டை வெச்சுட்டேன்டா நான். உள்ள வா, எப்படின்னு காட்டறேன்” என்றான்.

அவன் மனைவி டீ போட்டுக்கொண்டு வந்தார். டீ டம்ளரை ஸ்டம்பாக வைத்து, துடைப்பத்தை மட்டையாக்கி, இருட்டும்வரை காட்டினான். இன்னும் முடிவாகவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன்.