சுவருக்கு அப்பால் விழுந்த மரம்

நவம்பர் பிறந்துவிட்டால் நெடுங்காட்டில் முதியோர் வானத்தை அண்ணாந்து பார்க்கத் தொடங்கிவிடுவர். கல்லறைத் திருநாளுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி என்னிடம், "ஆன்மாக்கள் மாசத்துலதான சாமி, புயலும் வருது?" என்று கேட்டார். அவர் கணக்கில் தவறில்லை. 1952 நவம்பர் 30, 1977 நவம்பர் 12, 2008 நவம்பர் 27, 2018 நவம்பர் 16: நாகை, காரைக்கால் கரையோரத்தைப் புயல்கள் தாக்கிய நாள்கள் இவை.

வடகிழக்குப் பருவமழையின் தீவிரமும் வங்கக் கடலின் வெம்மையும் அம்மாதத்தில் கூடிவருகின்றன. இறந்தோரை நினைவுகூரும் வழக்கமோ, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரான்சு நாட்டின் குளூனி மடத்திலிருந்து பரவியது. அந்தத் துறவிகள் வங்கக் கடலை அறிந்திருக்க வழியில்லை. எனினும் மூதாட்டிக்கு இவ்விளக்கம் நிறைவளிக்கவில்லை. எனக்கும் அது முழு நிறைவைத் தந்ததாகச் சொல்ல மாட்டேன்.

1977-இல் நாகையை அழித்த புயலின் ஈரம் உலருமுன், சரியாக ஏழாம் நாள், ஆந்திரத்தின் திவிசீமையில் மற்றொரு புயல் ஆயிரக்கணக்கானோரைக் கடலோடு வாரிச் சென்றது. 2008-இல் 'நிஷா' காரைக்காலை நெருங்கிய அதே இரவில்தான் மும்பையில் பயங்கரவாதிகளின் தாக்குதல் தொடங்கியது. நாடே மும்பையைப் பார்த்துக்கொண்டிருக்க, நம் வயல்கள் ஓசையின்றி மூழ்கின. ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ. மழை! 'கஜா' என்பது இலங்கை முன்னரே பட்டியலில் எழுதித் தந்திருந்த பெயர். அது கடந்துபோன தென்னந்தோப்புகளோ மெய்யாகவே யானை புகுந்தவைபோல் கிடந்தன.

இவற்றுக்கெல்லாம் பொருள் தேடுவது மனித இயல்பு. ஆனால் பொருள் சொல்பவன் எங்கே நின்று சொல்கிறான் என்பது முக்கியம். யோபுவின் பிள்ளைகள் கூடியிருந்த வீட்டைப் பெருங்காற்று வீழ்த்தியபோது, ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் ஏழு நாள்கள் வாய் திறவாமல் அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களே. பேசத் தொடங்கியபின்தான் எல்லாம் கெட்டது. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்றவரைவிடப் பெரும் குற்றவாளிகள் அல்லர் என்பதை இயேசுவும் தெளிவாக்கிவிட்டார் (லூக்கா 13). ஆயினும் ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் அந்தப் பழைய கணக்கை யாரேனும் திறந்துவிடுகிறார்கள்.

கஜா அடித்த வாரத்தில், அப்போது நான் இருந்த பங்கில், ஒரு பெண்மணி நன்றிப் பூசைக்குப் பணம் கொண்டுவந்தார். அவர் கொல்லையில் நின்ற தென்னை அவர் வீட்டின்மேல் விழாமல், சுவருக்கு அப்பால் அண்டை வீட்டு அடுப்படியை நொறுக்கியிருந்தது. "மாதாதான் திருப்பி விட்டாங்க சாமி" என்றார். அண்டை வீட்டார் இந்துக்கள், நாள்கூலிக்குப் போகிறவர்கள்.

"அவர்கள் அந்நேரம் எங்கே இருந்தார்கள்?" என்று கேட்டேன்.

"எங்க வீட்லதான். ஓடு சடசடக்குற சத்தத்துக்குச் சின்னது பயந்து அழுதுச்சு. இங்க வந்து படுங்கன்னு கூப்பிட்டேன்."

வழக்கமாக அவர்கள் படுப்பது அந்த அடுப்படியில்தானாம். அவர் இதை அற்புதமாக எண்ணவே இல்லை. மழை இரவில் யாரும் செய்வதுதானே என்பதுபோல் சொல்லிமுடித்தார். குழந்தையின் அழுகையையும் தென்னையின் சாய்வையும் இணைத்து இறைத்திட்டம் என்று விரித்துரைக்க எனக்கும் நா எழவில்லை. அதே இரவில் சுவர் இடிந்து மாண்டவர்கள் வீட்டிலும் குழந்தைகள் அழுதிருக்கக்கூடும்.

சற்று நேரம் பேசாமல் நின்றிருந்தவர், "மரம் எங்களோடதுதானே சாமி" என்று மெல்லச் சொன்னார். பூசைக்கு எடுத்துவந்த பணம் மரம் அறுக்கும் கூலிக்குப் போயிற்று. அந்தத் தென்னையையே சட்டமாக அறுத்து, அடுத்த வீட்டு அடுப்படிக்குக் கூரை போட்டார்கள். ஞாயிறன்று நன்றிப் பூசை நிறைவேற்றினேன். இரு வீட்டாரின் பெயரையும் வாசித்தேன்.