குட்டைப் பின்னல், நெட்டைப் பின்னல்

"புஸ்தகத்தைப் பார்த்துச் சமைச்சா உப்பு, காரம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், சரி பண்ணிக்கலாம். லேஸ் பின்ன முடியுமோடீ?" என்று என் மாமியார் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது.

என் பெண்ணுக்கு வளைகாப்பு வர இன்னும் பத்தே நாள். வளையல் தட்டை மூட, 18 அங்குலச் சதுரத் துணி ஒன்றுக்கு ஓரம் பின்னிக் கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த குரோஷா எல்லாம் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் சொல்லிக் கொடுத்த சங்கிலி, டபிள், டிரெபிள், அவ்வளவுதான். புதுசாக ஏதாவது பின்ன வேண்டும் என்ற ஆசையில், மெயின்கார்டு கேட் பக்கம் பழைய புத்தகக் கடையில் ஓரப் பின்னல் புத்தகம் ஒன்றை வாங்கினேன். 1-ஆம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் வந்து சேருவதற்குள் பாதி படித்தாகிவிட்டது.

சிப்பி மாதிரி விரியும் ஓரம் ஒன்று மனசுக்குப் பிடித்தது. 'ஒரே இடத்தில் 5 டபிள்' என்று போட்டிருந்தது. டபிள்தான் நமக்கு அத்துப்படி ஆயிற்றே! மூன்று பக்கம் மளமளவென்று முடித்தேன். சிப்பியோ விரியவே இல்லை. துணியின் ஓரம் அப்பளம் பொரிந்த மாதிரி சுருட்டிக் கொண்டது. நூல் மட்டமா, ஊசி தப்பா என்று மண்டையைக் குடைந்து கொண்டேன். அப்போதுதான் மாமியார் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அவருக்கு எழுபத்தெட்டு வயசு. முழங்கால் வலியால் இரண்டு வருஷமாகக் குனிந்து கோலம் போட முடிவதில்லை. ஒரு காலத்தில் மார்கழியில் எங்கள் வீதியே நின்று பார்க்கும் கோலம் அவருடையது. இப்போது நான் போடுகிறேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பார். நல்லது, பொல்லாதது எதுவும் சொல்வதில்லை. அந்த மௌனம் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அன்று புத்தகத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு அடுப்பை அணைக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால், மாமியார் கடைசிப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு விரலால் தடவிக் கொண்டிருந்தார்.

"இது என்னடீ, கோலமா?"

நான் ஒரு பொருட்டாக நினைக்காமல் புரட்டிப் போட்ட வரைபடப் பக்கம் அது. சங்கிலிக்கு முட்டை வடிவம், ஒரு பின்னலுக்குப் பெருக்கல் குறி, இன்னொன்றுக்கு 'டி' எழுத்தின் காலில் குறுக்கே ஒரு சின்னக் கோடு.

"இதோ பார், ஒரே புள்ளியிலேர்ந்து அஞ்சு இழை கிளம்பறது. அஞ்சும் நெட்டையா இருக்கு. நீ போட்டிருக்கிறது குட்டைன்னா? குட்டை இழை எப்படி விரியும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது!

முன் பக்கத்தைப் புரட்டிப் படித்தேன். விஷயம் இதுதான். நம் பள்ளிக்கூடங்களில் சொல்லித் தந்தது இங்கிலாந்துப் பெயர்கள். என் புத்தகமோ அமெரிக்காவில் அச்சானது. இங்கிலாந்தில் 'டபிள்' என்பதை அமெரிக்காவில் 'சிங்கிள்' என்கிறார்கள். இங்கிலாந்தின் 'டிரெபிள்', அவர்களுக்கு 'டபிள்'! புத்தகத்தில் 'சிங்கிள் குரோஷா' என்ற பெயர் அடிக்கடி வந்தால், பெரும்பாலும் அது அமெரிக்கப் புத்தகம். படக் குறிகளில் இந்தக் குழப்பம் இல்லை.

பெயரை விட்டுவிட்டு மாமியார் சொன்ன மாதிரியே வைத்துக் கொள்ளுங்கள். ஊசியை நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் 2 கண்ணி இருக்கும். இரண்டையும் சேர்த்து வாங்கினால் குட்டை. முதலில் நூலை ஊசியில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு நுழைத்து இழுத்தால் 3 கண்ணி இருக்கும். இரண்டிரண்டாக இரு முறை வாங்கினால் நெட்டை.

துணியில் கை வைக்கும் முன் மாதிரி ஒன்று பின்னிப் பாருங்கள். நான் செய்யத் தவறியது அதுதான். 20-ஆம் நம்பர் நூல், 1.25 மில்லிமீட்டர் ஊசி. 26 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி 25 குட்டை பின்னுங்கள். திருப்பி, 1 சங்கிலி போட்டு, முதல் கண்ணில் 1 குட்டை. 2 கண் விட்டு, அடுத்த கண்ணில் 5 நெட்டை. மறுபடி 2 கண் விட்டு, அடுத்ததில் 1 குட்டை. இப்படியே போனால் 4 சிப்பி வரும். துணி பருத்தியானால் முதலிலேயே நனைத்து உலர்த்தி விடுங்கள். பின்னிய பிறகு துணி சுருங்கினால் ஓரம் அலை அலையாகிவிடும்.

ஆந்திராவில் நரசாபுரம் பக்கத்துப் பெண்கள் பல தலைமுறையாக வீட்டிலிருந்தே குரோஷா லேஸ் பின்னுகிறார்கள். அந்த லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே அம்மா பின்னுவதைப் பார்த்துப் பெண் பழகிக் கொள்கிறாள். பக்கத்தில் அப்படி ஒரு ஆள் இல்லாதவர்களுக்குப் புத்தகம்தான் துணை. 1840-களிலேயே இங்கிலாந்தில் குரோஷா புத்தகங்கள் வந்துவிட்டன. எனக்கோ பக்கத்திலேயே ஆள் இருந்தார். நான்தான் கேட்கவில்லை.

மூன்று பக்கத்தையும் பிரித்தேன். பிரித்த நூலை மாமியார் உண்டையாகச் சுற்றித் தந்தார். மத்தியானம் நான் பின்ன, அவர் படத்தைப் பார்த்து, "ரெண்டு விடு... இப்போ அஞ்சு நெட்டை..." என்று சொல்லிக்கொண்டே வருவார். அரை மணிக்கு ஒரு தரம், "போதும், கண்ணை மூடிண்டு கையை உதறு" என்று அதட்டலும் உண்டு. வளைகாப்புக்கு முதல் நாள் ராத்திரி முடித்தோம்.

தட்டைப் பார்த்த சம்பந்தியம்மா, "யார் பின்னினது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக் கொண்டார்: "அவ பின்னினா, நான் படிச்சேன்!"

மறுநாள் காலை வாசலில் கோலம் போட்டுக் கொண்டிருந்தேன். திண்ணையிலிருந்து குரல் வந்தது. "அந்த மூலையிலே ஒரு புள்ளி விட்டுட்டே, பார்!"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு கேட்ட குரல். குனிந்து அந்தப் புள்ளியை வைத்தேன்.