தோளில் தைத்த சரித்திரம்

யுத்தம் முடிந்துவிட்டது, யுத்தச் சின்னங்களின் வியாபாரம் முடியவில்லை. இரண்டாம் உலக மகாயுத்தத்திலே போர்வீரர் தம் தோளிலும் மார்பிலும் தைத்துக்கொண்ட துணிச் சின்னங்களை அச்சொட்டாகப் பிரதிசெய்து விற்போர் இன்று பலர். பழைய போர்க்காட்சிகளை அதே சீருடையில் மீண்டும் நடித்துக் காட்டுவோரும், மூலச் சின்னத்தின் விலைக்கு ஈடுகொடுக்க இயலாத சேகரிப்பாளரும் அவற்றை வாங்குகின்றனர்.

இத்தொழிலை எடுத்த எடுப்பிலேயே பழிப்பது எமது நோக்கமன்று. பிரதி என்று சொல்லி விற்பது பிரதி. மூலம் என்று சொல்லி விற்பதே போலி. போலியைக் கண்டுபிடிக்கச் சேகரிப்பாளரிடம் வழிகள் உண்டு. புறஊதா ஒளியிற் பிடித்தால், பிற்கால நூலிற் சேர்ந்த வெண்மையூட்டும் இரசாயனம் பளிச்சென ஒளிரும். அக்காலப் பருத்தி நூல் பெரும்பாலும் ஒளிராது. ஓர் இழையைப் பிரித்து எரித்தால் பருத்தி சாம்பலாகும். செயற்கை இழையோ உருகித் திரளும். நூலின் வயதை அறிய இவை உதவலாம். அந்த நூல் சுமந்து வந்த சரித்திரத்தை அறிவதற்கு எந்த விளக்கு உதவும்?

அமெரிக்காவின் 45ஆம் காலாட்படைப் பிரிவை எடுத்துக்கொள்வோம். ஒக்லஹோமா முதலிய தென்மேற்கு மாநிலங்களிலே திரட்டப்பட்ட அப்பிரிவின் பழைய தோட்சின்னம், சிவப்புச் சதுரத்தில் மஞ்சள் நிறச் சுவஸ்திகம். அப்பகுதிப் பூர்வ குடிகளுக்கு அது நற்பேற்றின் குறி. அக்குறியை ஹிட்லரின் கட்சி தன் கொடியில் ஏற்றிய பின்னர், அப்பிரிவு அதனைக் கைவிட்டது. 1939இல் அம்மக்களின் ஐதிகங்களில் வரும் இடிப்பறவையைத் தன் சின்னமாக்கிக்கொண்டது. 1945 ஏப்ரல் 29ஆம் திகதி டாஹாவ் வதைமுகாமின் கைதிகளை விடுவித்த படைகளுள் அந்த இடிப்பறவைப் படையும் ஒன்று. இதனை அறியாதவன் தோளிலே அச்சின்னம் வெறும் அலங்காரமேயாகும்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். பேர்லின் நகருக்கு வடக்கே ராவென்ஸ்புரூக் என்னுமிடத்தில் 1939இல் பெண்களுக்கென ஒரு வதைமுகாம் திறக்கப்பட்டது. எஸ்.எஸ். படைக்குச் சொந்தமான கம்பனியொன்று 1940 முதல் அங்கே தையற்கூடங்களை நடத்தியது. எஸ்.எஸ். படையினரின் சீருடைகளை இரவும் பகலும் முறைவைத்துத் தைத்தவர்கள் கைதிப் பெண்களே. அவர்தம் உடையிலும் ஒரு சின்னம் இருந்தது. அரசியற் கைதி என்றால் சிவப்பு முக்கோணம். கொலைகாரனின் சட்டையைத் தைத்தவள், தன் அடிமைத்தனத்தின் அடையாளத்தைத் தன் சட்டையிலே சுமந்திருந்தாள்!

இத்தகைய பிரதிகளின் விற்பனைப் பட்டியல்கள் சிலவற்றை நாம் புரட்டிப் பார்த்தோம். துணியின் நிறம், தையலின் வகை, ஓரம் மடித்த விதம் யாவும் நுணுக்கமாக எழுதப்பட்டுள்ளன. மூலத்தைத் தைத்த கைகள் எவருடையவை என்பதுபற்றி ஒரு சொல்லும் இல்லை. இழையை எண்ணத் தெரிந்தவருக்கு மனிதரை எண்ணத் தெரியவில்லை.

ஜேர்மனியின் தண்டனைச் சட்டம் நாஜிச் சின்னங்களைப் பகிரங்கமாகக் காட்டுவதைக் குற்றமாக்கியுள்ளது. கல்வி, கலை, வரலாற்று விளக்கம் முதலிய தேவைகளுக்கு விலக்களிக்கின்றது. இவ்வேறுபாடு நியாயமானதே. சின்னத்தை ஒழித்துவிட்டால் சரித்திரம் ஒழிந்துவிடாது. ஆனால் சரித்திரத்தை ஒழித்துவிட்டுச் சின்னத்தை மட்டும் விற்பது, பாசிசத்துக்கு மீண்டும் அழகு சேர்ப்பதில் முடியும்.

ஆகவே நாம் கேட்பது இரண்டு. பிரதி ஒவ்வொன்றின் பின்புறத்திலும், அது பிரதி என்பதும் செய்யப்பட்ட ஆண்டும் அழியாதவாறு பொறிக்கப்படல் வேண்டும். அதனுடன், அச்சின்னத்தை அணிந்தவர் செய்தது என்ன, அச்சீருடையைத் தைத்தவர் யார் என்பவற்றைக் கூறும் ஒரு குறிப்பும் கொடுக்கப்படல் வேண்டும். அக்குறிப்பை வாசித்த பின்னரும் எஸ்.எஸ். சின்னத்தை அணிந்து களிப்புற ஒருவனால் முடியுமாயின், நாம் அஞ்சவேண்டியது அச்சின்னத்தை அன்று, அவனையே.