ஓக் தோப்புக்கு அடியில்

இத்தாலிக்குப் போகிறவர்கள் ரோமாபுரியைப் பார்ப்பார்கள். வெனிஸில் படகேறிச் சுற்றுவார்கள். மிலான் நகருக்கு வந்தால் பளிங்கு மாதாகோயிலின் மேல்தளம் வரை ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதே மிலானிலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் ரயிலில் போனால் ஸெவெஸோ என்ற சிற்றூர் வரும். மேஜை, நாற்காலி, கட்டில் செய்வதில் பேர்போன வட்டாரம். அங்கே இருக்கும் ஓக் தோப்பு, பெண்மணிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய இடம்.

100 ஏக்கருக்கு மேற்பட்ட பூங்கா அது. நிழலான பாதைகள், பறவைகளின் கூச்சல், புல் போர்த்திய இரண்டு மேடுகள். இயற்கையான குன்றுகள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அவற்றின் அடியில் விஷம் கலந்த மண்ணும், ஒரு காலத்தில் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகளின் இடிபாடுகளும் நீர் புகாத தொட்டிகளில் அடைபட்டுக் கிடக்கின்றன!

1976, ஜூலை 10, சனிக்கிழமை. பக்கத்து ஊரான மேடாவில் இருந்த ரசாயனத் தொழிற்சாலையில் வார விடுமுறைக்காக வேலையைப் பாதியில் நிறுத்தியிருந்தார்கள். கொதிகலத்தில் சரக்கு அப்படியே இருந்தது. கிளறுவதை நிறுத்திவிட்டால், அடுப்பை அணைத்த பிறகும் கனத்த உருளியின் சூட்டில் பண்டம் ஓரத்தில் தீய்ந்துபோகிறதல்லவா? அதைப் போலவே கலத்தின் சுவரில் தங்கிய சூடு உள்ளே இருந்ததைக் கிளப்பிவிட்டது. பகல் 12-37க்குப் பாதுகாப்புத் தகடு வெடித்தது. வெளியேறும் புகையைப் பிடித்து அடக்க ஓர் ஏற்பாடும் இல்லை. மேகம் போலக் கிளம்பிய புகை காற்றோடு ஸெவெஸோவின் மேல் இறங்கியது. அதில் டயாக்ஸின் என்ற கொடிய விஷம் இருந்தது.

அன்று எந்த உயிரும் உடனே போகவில்லை. ஆனால் அடுத்த நாட்களில் முயல்களும் கோழிகளும் செத்து விழுந்தன. குழந்தைகளின் முகத்தில் கொப்புளங்கள் கிளம்பின. என்ன விஷம் என்பது பல நாட்கள் வரை ஊராருக்குத் தெரியவில்லை. முதல் குடும்பங்களை வெளியேற்றியது ஜூலை 26-ம் தேதி. இடையில் 16 நாட்கள்! அந்த மண்ணில்தான் குழந்தைகள் விளையாடின. கருவுற்றிருந்த தாய்மார்கள், பிறக்கப்போகும் சிசு எப்படி இருக்குமோ என்று பட்ட வேதனையைச் சொல்லி முடியாது. 700 பேருக்கு மேல் வீட்டை விட்டார்கள். பலருடைய வீடுகள் இடிக்கப்பட்டன.

இந்தத் துயரத்திலிருந்து ஒரு சட்டம் பிறந்தது. 1982-ல் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து இயற்றிய அதற்கு இவ்வூரின் பெயரே நிலைத்துவிட்டது. 1996-லும் 2012-லும் அதைப் புதுப்பித்தார்கள். அபாயகரமான பொருளைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வைத்திருப்பவர், என்ன பொருள், எவ்வளவு என்று சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டும். குளோரின் 10 டன் இருந்தாலே சட்டம் பிடிக்கும். 25 டன் ஆனால் விதிகள் இன்னும் கடுமை. விபத்து எப்படி நேரலாம், எப்படித் தடுப்பது என்று ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். ஆலைக்குள் ஒரு அவசரத் திட்டம், ஊருக்கு ஒரு திட்டம். இவை எல்லாவற்றிலும் முக்கியமானது, சுற்றிலும் வசிப்பவர்களுக்கு, அவர்கள் கேட்காமலே, ஆபத்து என்ன, நேர்ந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும் என்பது.

நம் நாட்டிலும், 1984-ல் போபாலில் ஆயிரக்கணக்கானவர்களைப் பறிகொடுத்த பிறகு, 1989-ல் இத்தகைய விதிகள் வந்தன. ஆலைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் விவரம் சொல்வது நிர்வாகத்தின் கடமை என்று அவை கூறுகின்றன.

உங்கள் வீட்டருகே பெரிய ரசாயனக் கிடங்கு இருக்கிறதா? அங்கே இருப்பது என்ன, சங்கு ஊதினால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதா, எந்தப் பக்கம் போவது என்று இன்றே விசாரித்து வையுங்கள். ஸெவெஸோவின் தாய்மார்களுக்கு இதைச் சொல்ல அன்று ஒருவரும் இல்லை.